குஃப்வும் குழியானையும்

வைக்கம் முகம்மது பஷீரின் நகைச்சுவைக் காதற்கதைகளைப் பற்றி

ஃபிக்ஹு நூல்களில் திருமண இயலைப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒவ்வோராண்டும் ஒரு பக்கத்தில் சற்றே தயங்குவார். 'குஃப்வு' எனப்படும் பொருத்தத்தைப் பற்றிய பக்கம் அது. மணமகன் குலத்திலும் தொழிலிலும் மார்க்க ஒழுக்கத்திலும் மணமகளுக்கு நிகரானவனாக இருத்தல் வேண்டும் என்று அப்பக்கம் தொடங்கும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தொழில்களைப் படிக்கட்டுகளைப் போல அடுக்கிக் காட்டுகிறது. தெருக் கூட்டுபவனும் இரத்தம் குத்தி எடுப்பவனும் கீழ்ப்படியில் நிற்பர். அதற்கு மேலே தையற்காரன். அவனுக்கு மேலே வணிகன். உச்சிப் படியில் ஆலிமும் காழியும். இவ்விடம் வந்ததும் மாணவர்கள் தமக்குள் சிரித்துக் கொள்வார்கள். ஏனெனில் அந்த வகுப்பில் தையற்காரரின் மகனும் இருப்பான். வணிகரின் மகனும் இருப்பான். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே கிதாபைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

தமிழிலக்கணப் பாடத்திற்குச் சென்றாலும் இந்தத் தராசு நம்மை விட்டபாடில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக வகுத்தார். குடிப்பிறப்பையும் வயதையும் உருவத்தையும் செல்வத்தையும் எண்ணிய அவர், அருளையும் உணர்வையும் அவற்றோடு சேர்த்தே எண்ணினார். ஒத்த அன்புக்கு ஐந்து திணைகளை ஒதுக்கிய நம் முன்னோர், ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, அகத்திணையின் இரண்டு ஓரங்களிலும் நிறுத்தினர்.

ஆக, நாம் கற்ற இரு கல்விகளிலும் தராசு உண்டு. அத்தராசில் நில்லாத இருவர் ஒருவரையொருவர் விரும்பிவிட்டால் அவர்கள் எங்கே போவது? அரபு இலக்கியம் அவர்களைப் பாலைவனத்துக்கு அனுப்பியது. லைலாவின் தந்தை மறுத்தார். கைஸ் பித்தனாகி மஜ்னூன் என்று பெயர் பெற்றான். அக்கதையைக் கேட்டு உலகம் பல நூற்றாண்டுகளாகக் கண்ணீர் வடித்து வருகிறது. ஆனால் கண்ணீர் தராசை அசைப்பதில்லை. தராசைப் பிடித்திருப்பவரும் நம்மோடு சேர்ந்து அழுதுவிட்டு, மறுநாள் அதே தராசைக் கையில் எடுத்துக் கொள்கிறார். பொருந்தா இணையருக்குக் குடியிருக்க ஒரு வீடு பார்த்துக் கொடுக்கும் இலக்கிய வகை நகைச்சுவை ஒன்றே. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், உலோபிகளைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதியவர். 'ஜித்து' எனும் மெய்ப்பேச்சையும் 'ஹஸ்ல்' எனும் வேடிக்கைப் பேச்சையும் ஒரே ஏட்டில் கலந்து தர அவர் அஞ்சவில்லை. வேடிக்கையைக் கல்வியின் பகையாகக் கருதுவோர் அவரை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

ஆயினும் பொருந்தா இணையரைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் யாவும் நல்ல கதைகள் ஆகிவிடா. திரைப்படங்களிலும் தொடர்கதைகளிலும் நாம் காண்பவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. செல்வர் மகளும் ஏழை இளைஞனும் முதற்காட்சியில் மோதுவர். இடையில் ஒரு மழை பெய்யும். இறுதியில் ஒருவர் மற்றவருக்கு ஏற்றபடி செதுக்கப்பட்டுவிடுவார். திமிர் பிடித்தவள் அடங்குவாள். இல்லையேல் முரடன் நாகரிகம் பழகுவான். ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகம் காலத்திலிருந்தே இந்தத் தச்சுவேலை நடந்து வருகிறது. அங்கே பொருத்தமின்மை ஒரு தூண்டில் மட்டுமே. கதை முடியும்போது தராசின் இரு தட்டுகளும் சமமாகிவிடுகின்றன. தராசு சரியானதுதானா என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்ட ஒருவர் நமக்கு மிக அருகில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் வாழ்ந்தார். அவரே வைக்கம் முகம்மது பஷீர்.

1908ல் வைக்கத்தை அடுத்த தலையோலப்பறம்பில் பிறந்த பஷீர், பள்ளி மாணவராய் இருந்தபோதே வீட்டை விட்டு ஓடிச் சென்று 1930ன் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை புகுந்தார். பின்னர் ஊர் ஊராய் அலைந்தார். 1970ல் சாகித்திய அக்காதெமியின் உறுப்பினர் தகுதியும் 1982ல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1994ல் பேப்பூரில் மறைந்தார். தமிழ் வாசகர்களுக்குக் குளச்சல் மு. யூசுப் அவர்கள் பஷீரின் நூல்கள் பலவற்றைப் பெயர்த்துத் தந்திருக்கிறார். 'பால்யகால சகி' (1944) தந்த துயரைப் பேசுவோர் பலர். அவருடைய வேடிக்கைக் காதற்கதைகள் மூன்றனை மட்டும் இங்கே நாம் எடுத்துக் கொள்கிறோம்.

காதலுக்குச் சம்பளம்

முதலாவது, 1943ல் வெளிவந்த 'பிரேமலேகனம்', அதாவது காதற் கடிதம். திருவனந்தபுரம் சிறையில் இருந்தபோது உடனிருந்த கைதிகளை மகிழ்விக்க எழுதிய கதை இது. கேசவன் நாயர் ஒரு வங்கி ஊழியர். அவர் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகள் சாறாம்மா, கிறித்தவப் பெண். படித்தவள், வேலை கிடைக்காதவள், மாற்றாந்தாயின் ஆட்சிக்கு உட்பட்டவள். நாயர் அவளுக்குக் காதற் கடிதம் எழுதுகிறார். அவளோ தனக்கு ஒரு வேலை வேண்டும் என்கிறாள். வேலை தருகிறேன் என்கிறார் நாயர். என்ன வேலை? அவரைக் காதலிப்பதே வேலை. அதற்கு மாதச் சம்பளம் உண்டு. அவளும் ஒப்புக் கொள்கிறாள்.

ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இதன் சுவை சற்றுக் கூடுதலாகவே தெரியும். கூலிக்கு அமர்த்தும் 'இஜாரா' ஓர் இயல். நிக்காஹு வேறோர் இயல். நாயர் ஓர் இயலின் சொற்களைக் கொண்டு மற்றோர் இயலுக்குள் நுழைந்துவிடுகிறார். இந்தக் குழப்பத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்த பின் ஓர் உண்மை தைக்கிறது. சீதனம் கேட்டு வருபவன் செய்வதும் இதே குழப்பந்தானே! அவன் மனைவியையும் பெற்றுக் கொண்டு கூலியையும் தனக்கே வாங்கிக் கொள்கிறான். நாயரோ கூலியைப் பெண்ணுக்குக் கொடுக்கிறார். கோமாளியின் கணக்கு ஊரார் கணக்கைவிட நேரியதாக இருக்கிறது.

அடுத்து, பிறக்கப் போகும் குழந்தைக்கு எந்த மதம் என்ற விவாதம். வளர்ந்த பிறகு அதுவே தேர்ந்து கொள்ளட்டும் என்று முடிவாகிறது. எந்த மதத்தையும் சுட்டாத பெயர் வேண்டும் என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். ஆகாயம் என்று ஒரு சீட்டும் மிட்டாய் என்று ஒரு சீட்டும் விழ, குழந்தையின் பெயர் 'ஆகாயமிட்டாய்' ஆகிறது. மார்க்கத்தைப் பிள்ளையின் கையில் விட்டுவிடும் இந்த முடிவு நமக்கு உடன்பாடானதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பஷீர் இதனை ஒரு கோட்பாடாக மேடையேற்றவில்லை என்பதைத் திறனாய்வாளன் கவனிக்க வேண்டும். இருவரும் தத்தம் பற்றை விட்டுக் கொடுக்க மனமில்லாமல் விடிய விடியப் பேசக்கூடியவர்கள். பிறவாத பிள்ளைக்காக அவர்கள் படும் பாட்டை அவர் காட்டுகிறார். திருவிதாங்கூர் அரசு அக்கதைக்குத் தடை விதித்தது. சிறையில் கைதிகளுக்குச் சிரிப்பூட்டிய கதை வெளியே அரசுக்குச் சிரிப்பூட்டவில்லை.

மூன்று சீட்டின் நீதி

இரண்டாவது, 1951ல் வந்த 'மூன்று சீட்டு விளையாட்டுக்காரனின் மகள்'. ஒற்றைக்கண்ணன் போக்கர் சந்தையில் மூன்று சீட்டு வைத்து ஆட்களை ஏமாற்றுபவர். அவருடைய மகள் ஜைனபா. மடையன் என்று ஊரே பட்டம் சூட்டிய முத்தபா ஒரு பிக்பாக்கெட். இவ்விருவருக்கும் காதல். போக்கர் மறுக்கிறார், ஒரு பிக்பாக்கெட்டுக்கா தன் மகள்!

இங்கேதான் நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தோம். சூதாட்டக்காரர் குஃப்வு பார்க்கிறார்! படிக்கட்டின் கடைசிப் படிக்கும் கீழே, தரையிலே நிற்கும் இருவரில் ஒருவர், தனக்குக் கீழே இன்னொரு படி இருப்பதாக எண்ணுகிறார். மனிதன் எவ்வளவு தாழ்ந்தாலும் தன்னிலும் தாழ்ந்தவனைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவான் என்பதைப் பத்துப் பக்கச் சொற்பொழிவு விளக்க முடியாது. பஷீர் அதைப் போக்கரின் ஒரே மறுப்பில் விளக்கிவிடுகிறார்.

அதன் பிறகு விந்தை நிகழ்கிறது. ஊரே மடையன் என்று சொன்னவன் போக்கரின் சீட்டில் பணம் வைக்கும் போதெல்லாம் வெல்கிறான். படச்சீட்டு எது என்பது அவனுக்கு மட்டும் தெரிகிறது. போக்கர் ஓட்டாண்டியாகிறார். இரகசியம் என்னவெனில், தந்தையின் படச்சீட்டில் மகளே ஓர் அடையாளம் செய்து வைத்திருக்கிறாள். வாயைத் திறந்து தந்தையை எதிர்க்க வழியில்லாத ஒரு பெண், சீட்டின் மீது வைத்த சிறு குறி அது. வலீயின் வாக்குக்கு எதிரே அவளுடைய விருப்பத்தைச் சொல்ல இருந்த ஒரே எழுத்து அதுதான். இந்தப் பெண் படித்தவளா என்று கதை பெரிதாகப் பேசவில்லை. ஆனால் தந்தை பாதுகாத்த கலையின் உள்ளே புகுந்து, அதனைக் கொண்டே தந்தையை வெல்லும் அறிவு அவளுக்கு இருக்கிறது.

இக்கதையைச் சொல்லும் முறையும் நம்மவர்க்கு மிகவும் பழக்கமானது. கதை சொல்பவர் தன்னை ஒரு பணிவுள்ள வரலாற்றாசிரியராக அறிவித்துக் கொள்கிறார். நடந்ததை ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தொகுக்கிறார். இரகசியத்தைச் சம்பந்தப்பட்டவன் வாயிலாகவே பெறுகிறார். ரிவாயத்துகளை அறிவிப்பாளர் வரிசையோடு தொகுக்கும் பெருநூல்களின் மிடுக்கு, இங்கே சந்தைத் திருடர்களின் கதைக்குப் போர்த்தப்பட்டிருக்கிறது. மன்னர்களுக்கு மட்டுந்தான் வரலாறு உண்டா, முத்தபாவுக்கு இல்லையா என்பது அந்த மிடுக்கின் உட்கேள்வி.

யானையின் பேத்தி

மூன்றாவது கதை, அதே 1951ல் வந்த 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது'. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இலக்கணம் ஆய்ந்த மொழியியல் அறிஞர் ஆர்.ஈ. ஆஷர் இதனை ஆங்கிலத்தில் பெயர்க்க, 1980ல் எடின்பர்க் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நூலின் பெயரே வீட்டுப் பேச்சு. பள்ளிக்கூட மலையாளம் அன்று. பஷீரின் தம்பி ஓர் ஆசிரியர். அண்ணனின் எழுத்தில் அவர் இலக்கணப் பிழை பிடித்ததைப் 'பாத்துமாவின் ஆடு' வேடிக்கையாகச் சொல்கிறது. நஹ்வும் சர்ஃபும் நடத்திப் பழகிய நமக்கு அத்தம்பியின் மீது ஓர் அனுதாபம் உண்டு; எனினும் வெற்றி அண்ணனுக்கே.

குஞ்ஞுபாத்தும்மாவின் உம்மா குஞ்ஞுதாச்சும்மா, ஆனைமக்காரின் மகள். அந்த மக்காருக்கு ஒரு கொம்பானை இருந்தது. ஆகையால் குஞ்ஞுபாத்தும்மாவுக்கு வந்த மாப்பிள்ளைகள் யாவரும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். யானையுடையவர் பேத்திக்கு எவன் குஃப்வு? பிறகு வழக்கொன்றில் தோற்றுச் சொத்து முழுவதும் போகிறது. குடும்பம் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்கிறது. யானையின் பெருமை மட்டும் உம்மாவின் மிதியடி ஓசையோடு அங்கேயும் கூடவே வருகிறது. அண்டை வீட்டுக்கு நிஸார் அகமதின் குடும்பம் வருகிறது. அவர்கள் படித்தவர்கள். உடையிலும் பழக்கத்திலும் மாறுபட்டவர்கள். உம்மாவின் பார்வையில் காஃபிர்களே. எழுத்தறியாத குஞ்ஞுபாத்தும்மாவுக்கு நிஸாரின் தங்கை ஆயிஷா எழுத்துச் சொல்லித் தருகிறாள். நிஸாருக்கும் குஞ்ஞுபாத்தும்மாவுக்கும் அன்பு மலர்ந்து நிக்காஹில் முடிகிறது.

குஞ்ஞுபாத்தும்மா குளத்தில் குளிக்கும்போது அட்டை ஒன்று அவளைக் கடித்து இரத்தம் குடிக்கிறது. அவள் அதைக் கொல்லாமல் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறாள். அடுத்த நொடி மீனொன்று அதனை விழுங்கிவிடுகிறது. இந்தப் பெண்ணின் கல்வி எது என்பதற்கு அந்தக் காட்சி சான்று. எழுத்து பின்னர்தான் வந்தது. ரஹ்மத்து முன்பே இருந்தது. தொல்காப்பியர் பத்துப் பொருத்தங்களுள் அருளையும் ஒன்றாக எண்ணினாரே, அதனை எந்த ஊர் மணப்பேச்சில் எவர் எண்ணுகிறார்?

இறுதியில் ஊர்ச் சிறுவர்கள், உப்பப்பாவுக்கு இருந்தது கொம்பானை இல்லை, குழியானை என்று கூவுகிறார்கள். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் சிறு பூச்சிதான் குழியானை. மொத்தக் குடும்பமும் ஏறி அமர்ந்திருந்த யானை, ஒரு சொல்லில் பூச்சியாகிவிடுகிறது. உம்மா இடிந்து போகிறாள். அங்கே நமக்குச் சிரிப்பும் வருகிறது. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பெருமையை உடைக்கும் கலைஞனுக்கு, பெருமையைத் தவிர வேறெதுவும் மிஞ்சாதவளின் மீது இரக்கமும் இருந்தால்தான் இப்படி எழுத முடியும்.

ஒரு குறை

புகழ்ந்து மட்டும் முடிப்பது திறனாய்வு ஆகாது. யானைக் கதையில் ஒரு குறை உண்டு. அது நிஸார் அகமது. அவன் பிழையே செய்வதில்லை. எல்லாம் அறிந்தவன், எல்லாவற்றையும் திருத்துபவன். அவனைக் கண்டு நாம் ஓரிடத்திலும் சிரிப்பதில்லை. நகைச்சுவைக் கதையில் எவனைக் கண்டு சிரிக்க முடியவில்லையோ அவன் உயிரோடு இல்லை என்றே பொருள். கேசவன் நாயர் சிரிப்புக்கு ஆளாகிறார். ஆகவே உயிரோடு இருக்கிறார். முத்தபாவும் அவ்வாறே. நிஸாரோ சீர்திருத்த மேடையிலிருந்து இறங்கி வந்து, மாலையைக் கூடக் கழற்றாமல் மணவறைக்குள் நுழைந்தவனைப் போலத் தோன்றுகிறான். விளைவு என்ன? குஞ்ஞுபாத்தும்மா நிஸாரின் வீட்டுக்கு ஏற்றவளாகத் திருத்தப்படுகிறாள். அவளிடம் நிஸார் கற்றுக் கொண்டதாக எதுவும் இல்லை. நாம் முன்னர்க் கண்டித்த அந்தத் தச்சுவேலை, இங்கே நல்ல நோக்கத்தோடு மெல்ல எட்டிப் பார்க்கிறது.

இக்குறையைக் கண்டுகொள்ள நமக்கு நெடுநாள் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதன்முறை படித்தபோது மூன்று கதைகளில் நமக்கு மிகவும் பிடித்தவன் நிஸார் அகமதுதான். ஆசிரியனுக்கு ஆசிரியனைப் பிடிப்பது இயல்பு. இன்று கேட்டால், எவரும் எவரையும் திருத்தாத மூன்று சீட்டுக் கதையையே முதலில் வைப்போம். ஜைனபா முத்தபாவை மாற்றி எடுத்து மணம் செய்து கொள்ளவில்லை. ஊரார் மடையன் என்று சொன்னவனிடம் அவள் கண்டது என்ன என்பதை அவள் எவருக்கும் விளக்கவும் இல்லை. தராசுக்கு அவள் கொடுத்த பதில் ஒரு சீட்டின் மீதிருந்த குறி, அவ்வளவே.

இந்த மாற்றம் நூலறிவால் மட்டும் வந்ததன்று. இருபதாண்டுகளுக்கு முன் ஒரு துணிக்கடைக்காரர் நம்மிடம் வந்தார். அவருடைய மகளை ஒரு தையற்காரரின் மகன் பெண் கேட்டிருந்தான். பையன் தொழுகையாளி, கைத்தொழில் உள்ளவன். "ஹஸ்ரத், கிதாபு என்ன சொல்கிறது?" என்று அவர் கேட்டார். "குஃப்வு இல்லை" என்று நாம் ஒரே சொல்லில் கூறினோம். அவருக்கும் அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது. வாங்கிக் கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் வேறோர் ஊரில் மணமாகிப் போனாள். நன்றாகவே இருக்கிறாள் என்று கேள்வி. ஆயினும் நம் சொல் முழுமையானதாக இல்லை. குஃப்வு என்பது பெண்ணுக்கும் வலீக்கும் உரிய ஓர் உரிமை. உரியவர்கள் மனம் ஒப்பி அதனை விட்டுக் கொடுத்தால் நிக்காஹு நிறைவேறும் என்று அதே இயல் தொடர்ந்து கூறுகிறது. நாம் அதைச் சொல்லவில்லை. அதனினும் மேலாக, அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்று நாம் கேட்கவே இல்லை. அவள் எந்தச் சீட்டில் என்ன குறி வைத்திருந்தாளோ!

பஷீர் வளர்ந்த மலையாள மண்ணில் பொன்னானி மக்தூம் மரபினரான ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்', நம் தமிழகத்து அரபு மதரஸாக்களிலும் பாடமாக இருந்து வரும் நூல். அந்த நூல் ஓதப்பட்ட அதே மண்ணிலிருந்துதான் போக்கரும் முத்தபாவும் ஆனைமக்காரின் மகளும் எழுந்து வந்தார்கள். கிதாபுக்கு எதிராக அவர்கள் வரவில்லை என்பது நமது துணிபு. கிதாபின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மறுபக்கத்தை யானையின் காலடியில் வைத்து மறைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவே அவர்கள் வந்தார்கள். அவ்வாறு மறைத்தவர்களுள் நாமும் ஒருவர்.

இப்போதெல்லாம் அந்தப் பாடம் வரும்போது மாணவர்களுக்குக் குழியானைக் கதையைச் சொல்கிறோம். அவர்கள் சிரித்து முடித்ததும், மறுபக்கத்தையும் அன்றைக்கே நடத்தி விடுகிறோம்.